சோத்தாங்கைப் பக்கத்துக் கண்

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தை, கையை நீட்டாமல் நீங்கள் கடைசியாகப் படித்தது எப்போது?

யோசிக்க வேண்டியிருக்கிறதென்றால் நீங்களும் லெஃப்டக்காவின் கட்சிதான். முதலில் கை பாதி நீளும். பிறகு முழுசாக நீளும். அப்புறம் ஒருநாள் கை தீர்ந்துபோகும். கண் மட்டும் "இன்னும் கொஞ்சம் தள்ளு" என்று கேட்டுக்கொண்டிருக்கும். லெஃப்டக்காவுக்குக் கை தீர்ந்துபோன நாளில், கடைக்கு வந்த ஒரு அம்மாளின் தலை கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிவிட்டது.

லெஃப்டக்கா பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். கத்திரியை இடக்கையில் பிடிப்பாள், அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் வெளியே வரும். மருந்துக்கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் இருந்த அந்தக் கடையில் மூன்று சீட்டு. அதில் ஜன்னலோரச் சீட்டுக்கு என்று ஒரு கௌரவம் உண்டு. தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள். நல்ல வாடிக்கையெல்லாம் அந்தச் சீட்டுக்குத்தான். கடை திறந்த நாளிலிருந்து அது லெஃப்டக்காவின் சீட்டு. அந்தச் சீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் வெட்டி அவள் பார்த்ததில்லை, பார்க்கிற எண்ணமும் இல்லை.

முடிக்கு அடிக்கிற சாயம் டியூபில் வரும். எல்லா டியூபும் ஒரே மாதிரி இருக்கும், அடியில் ஒரு பொடி எண் மட்டும் வேறே. புள்ளிக்குப் பின்னால் ஏழு என்றால் பழுப்பு, இரண்டு என்றால் ஊதா. லெஃப்டக்கா இரண்டை ஏழாகப் படித்தாள். அதைத் தலையில் வாங்கிக்கொண்டவர் பேங்க்கம்மா. பக்கத்துத் தெரு பேங்க்கில் மேனேஜர். வருஷக்கணக்காக லெஃப்டக்காவிடமே வருகிறவர். கழுவித் துவட்டியதும் கண்ணாடியில் பார்த்தார். "பரவாயில்ல" என்றார். துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளியம்மா அவர் கதவைத் தாண்டும்வரை சிரித்த முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை இறக்கி வைத்தாள்.

"இது என்ன சலூனா, காய்கறிக் கடையா?"

"வெளிச்சம் பத்தலம்மா. அந்த மூலை பல்பு..."

"பல்பு போன மாசம்தான் மாத்துனது. மாத்தாத பல்பு உன் மூஞ்சில ரெண்டு இருக்கு, அதைப் பாரு."

"அப்படியெல்லாம் ஒண்ணும்..."

"இந்தா பாரு. ரெண்டு வாரத்துல அவங்க சாயத்தைச் சரிபண்ண மறுபடி வருவாங்க. அன்னிக்கு அவங்க மூஞ்சி கொஞ்சம் கோணிச்சோ, சீட்டு சின்னவளுக்கு. சொல்லிட்டேன்."

சின்னவள் என்பது உள்பக்கச் சீட்டுக்காரி. எப்போதும் ஒரு காதில் பாட்டு ஓடும். அவள் காதில் இது விழவில்லை என்பது போலத் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் லெஃப்டக்காவின் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

"நாள் பூரா கண்ணாடி முன்னால நிக்கிறே. ஒரு கண்ணாடி வாங்கிப் போட மாட்டேங்கிறே. இதுக்குப் பேரு சாளேஸ்வரம்மா. நானெல்லாம் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டேன். பஸ் ஏறி வா."

"உங்க வயசு வேற, என் வயசு வேற."

"ஆமா, நாலு மாச வித்தியாசம்."

ஒருநாள் அவருடைய கண்ணாடியையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கையிலிருந்த முடி துல்லியமாகத் தெரிந்தது. எதிரே நிலைக்கண்ணாடி முழுக்கப் பாலில் முக்கியது போல் ஆகிவிட்டது. தலை கழுவும் இடத்தில் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து அதுவும் போயிற்று. துடைப்பதற்குள் மூக்கிலிருந்து வழுக்கி, நுரையோடு நுரையாக ஒரு வாடிக்கையாளரின் நெற்றியில் போய் விழுந்தது. முதலாளியம்மா, "கடைக்கே வயசான மாதிரி இருக்கு, கழட்டு" என்றாள்.

கடைசியில், அந்தச் சீட்டின் மேல் கண்ணாயிருந்த சின்னவள்தான் கண்ணுக்கு வழி சொன்னாள். "அக்கா, கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் இப்போ மல்டிஃபோகல்லயே வருது. கிட்டயும் தெரியும், தூரமும் தெரியும். யாருக்கும் தெரியவும் தெரியாது."

கண்ணாடிக் கடையில் இருந்த டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். கண்ணுக்குள் விளக்கடித்தார். பிறகு, "உங்களுக்குத் தூரப்பார்வை" என்றார்.

"அந்தப் பலகையில கீழ் வரியே சரியா தெரியலையே டாக்டர்!"

"தூரப்பார்வைன்னா தூரம் தெரியும்னு அர்த்தம்."

"தெரியலையே."

"ஆமா. வயசாக ஆக அதுவும் மங்கிடும்."

"அப்புறம் எதுக்கு அந்தப் பேரு?"

டாக்டர் வேறு கேள்விக்குத் தாவினார். "கடையில கண்ணாடில ஆளுங்க மூஞ்சி தெளிவா தெரியுதா?"

"தெரியாம? இத்தனை வருசமா அதைப் பாத்துட்டுத்தான நிக்கிறேன்."

பொய் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறவற்றை யாரும் மங்கல் என்று சொல்வதில்லை. எல்லா முகங்களும் இளசாக, வழவழவென்று, லேசாகச் சிரித்தபடி இருந்தன. உலகம் அப்படித்தான் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

டாக்டர் விளக்கினார். கண் இரண்டில் ஒன்று மூத்தது; அது முன்னால் ஓடும். அதற்குத் தூரத்தை நன்றாகக் காட்டுகிற லென்ஸ். இன்னொன்றுக்குக் கிட்டத்தை நன்றாகக் காட்டுகிற லென்ஸ். இரண்டும் சொல்வதைக் கேட்டு மூளை சமாதானம் பண்ணி வைக்கும். பழக ஒரு வாரம் ஆகும். அதுவரை நிழல் நிழலாகத் தெரிந்தால் பயப்படக் கூடாது. லெஃப்டக்காவுக்கு அவளுடைய வலக்கண்தான் மூத்தது என்று ஒரு சோதனை வைத்துக் கண்டுபிடித்தார்.

போட்டுக் காட்டி, கழற்றக் கற்றுக்கொடுத்தது அங்கே வேலை செய்த ஒரு பெண். நல்ல வாயாடி. இரண்டு மூடி போட்ட சின்ன டப்பாவில் லென்ஸ்களைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலைல நீங்களே போட்டுக்குங்க. நீல மூடி சோத்தாங்கைப் பக்கம், வெள்ளை மூடி பீச்சாங்கைப் பக்கம். நான் எல்லாருக்கும் இப்படித்தான் சொல்றது. வலது இடதுன்னா கண்ணாடி முன்னாடி நின்னதும் குழம்பிடுவாங்க. சோறு திங்கிற கை யாருக்காவது மறக்குமா, சொல்லுங்க?"

"மறக்காது" என்றாள் லெஃப்டக்கா.

மறக்கவும் இல்லை. சின்ன வயசில் அவள் கையில் அடித்துப் பார்த்தார்கள், கையை இடுப்போடு கட்டிப் பார்த்தார்கள். சோறு இடக்கை வழியாகத்தான் இறங்கியது. "நீ எதுல திங்கிறியோ அதுதான்டி உனக்குச் சோத்தாங்கை, தொலை" என்று அவள் அம்மா கைகழுவிவிட்டாள். அன்றிலிருந்து இந்த உலகத்தில் லெஃப்டக்கா ஒருத்திக்கு மட்டும் சோத்தாங்கை இடப்பக்கம் இருக்கிறது. மறுநாள் காலை நீல மூடியைத் திறந்து இடக்கண்ணில் வைத்தாள்.

வைத்தாள் என்று சொல்லிவிட்டேன். அது சுலபமாக நடக்கவில்லை. விரல் கிட்டே வந்ததும் கண் மூடிக்கொண்டது. லென்ஸ் இமையில் ஒட்டியது, கன்னத்தில் ஒட்டியது, ஒரு தடவை குழாயில் ஒட்டியது.

"நான் இமையைப் புடிச்சுக்கவா?" என்று கணவர் வந்தார்.

"சிமென்ட்டு ஒட்டுற கையை அந்தப் பக்கம் எடுங்க."

"ஒட்டுறதுல எனக்கிருக்கிற அனுபவம் உனக்கு வருமா?"

அந்த வாரம் டியூப் எண்கள் பிரமாதமாகத் தெரிந்தன. இரண்டு இரண்டாகவும் ஏழு ஏழாகவும் இருந்தன. நிலைக்கண்ணாடியில் முகங்கள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று நிழல் விழுந்து அலைந்தன. தெருவிளக்கு ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்திருந்தது. மூளை பழகுகிறது என்று விட்டுவிட்டாள். சாயம் எதுவும் தப்பவில்லை. வந்தவர்கள் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளியம்மாவே ஒருநாள் டீயை வாங்கிக் கையில் கொடுத்து, "கண்ணு தொறந்துடுச்சு போல" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வாரம் முடிந்ததும் ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருந்தார்களே. பேங்க்கம்மா வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போனாள். டாக்டர் ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொன்னார். நெற்றியைச் சுருக்கினார். வாயாடிப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"நீல மூடியை எந்தக் கண்ணுல போட்டீங்க?" என்று அவள் கேட்டாள்.

"நீ சொன்ன மாதிரிதான். சோத்தாங்கைப் பக்கம்." இடக்கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"இது எப்படிங்க சோத்தாங்கை?"

"இதுலதான நான் சாப்பிடுறேன்!"

அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் பேசாமல் இருந்தது அநேகமாக அப்போதுதான் முதல் தடவை. டாக்டர் திரும்பிச் சுவரைப் பார்த்துச் சிரித்தார். இரண்டையும் கழற்றி, கழுவி, தூரத்து லென்ஸ் மூத்த கண்ணுக்கு வரும்படி மாற்றிப் போட்டார்கள்.

லெஃப்டக்கா வெளியே வந்தாள். எதிர்க் கட்டிடத்துச் சுவரில் விரிசல் இருந்தது. பஸ் நம்பர் பஸ்ஸின் மேலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும், கதவைத் திறந்த கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க காதுல எப்போ இவ்ளோ முடி வந்துச்சு?"

"அது வந்து எட்டு வருசமாச்சு. நீ இன்னிக்குத்தான் வந்திருக்கே."

மறுநாள் பேங்க்கம்மா துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்து ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்தார். லெஃப்டக்கா எண்ணைப் படித்தாள். தப்பில்லாமல் கலந்தாள், பூசினாள், கழுவினாள். பழுப்பு என்றால் அப்படியொரு பழுப்பு. இனி ஓரத்தை வெட்டிச் சீராக்கிவிட்டால் சீட்டு அவளுடையது. கத்திரியை எடுத்தாள், நிமிர்ந்து கண்ணாடியில் பார்த்தாள்.

அங்கே ஒரு முகம் இருந்தது.

இத்தனை வருஷமாகச் சிரிப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது சிரிப்பே இல்லை. உதடு இறுகியிருந்தது. பல் பிடுங்க உட்கார்ந்திருப்பவர் முகம் அது. கத்திரி காதுப்பக்கம் போனதும் இடது புருவம் துள்ளி அடங்கியது. லெஃப்டக்காவின் கை நின்றது.

"மேடம், பிடிக்கலையா?"

"இல்லல்ல. வெட்டுங்க."

ஒரு வெட்டு. மறுபடி புருவம்.

"குறைச்சலா வெட்டட்டுமா மேடம்?"

"உங்க இஷ்டம்."

வாயோரம் கோணியது. முதலாளியம்மா கல்லாவிலிருந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லெஃப்டக்காவுக்கு வேர்த்தது. கோணலை நிமிர்த்தியாக வேண்டும். எப்படி நிமிர்த்துவது? கேட்டால்தானே தெரியும்.

"சொல்லுங்க மேடம், முன்னாடி இறக்கணுமா? பின்னாடி ஏத்தணுமா? காதை மூடிடட்டுமா?"

பேங்க்கம்மா கண்ணாடி வழியாக அவளை நேராகப் பார்த்தார்.

"காது தெரியிற மாதிரி வெட்டுறது எனக்குப் பிடிக்காது."

"எப்போலேருந்து மேடம்?"

"முதல் தடவைலேருந்து."

சின்னவள்கூடக் கையை நிறுத்திவிட்டாள்.

"அப்புறம் எதுக்கு மேடம் என்கிட்டயே வந்தீங்க?"

"பேங்க்ல நாள் பூரா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேள்வி கேட்டுட்டே இருப்பாங்க. வீட்டுக்குப் போனா அதுக்கு மேல. சிரிச்சுட்டே பதில் சொல்லணும். உங்க சீட்ல உக்காந்தா நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்க. என் மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டீங்க. அரைமணி நேரம் அதை எப்படி வேணா வெச்சுக்கலாம். அதுக்குத்தான் வந்தேன். முடி எப்படிப் போனா என்ன, வளந்துடும்." துப்பட்டாவைத் தேடினார். "இன்னிக்கு என்ன ஆச்சு உங்களுக்கு? நல்லாத்தான இருந்தீங்க?"

லெஃப்டக்கா மறுபடி கத்திரியைத் தூக்கினாள். மிச்சத்தை வெட்டி முடித்தாள். தலையைக் குனிந்துகொண்டே வெட்டினாள், நிமிர்ந்தால் தெரிந்துவிடுகிறதே.

கல்லாவில் முதலாளியம்மா பல்லெல்லாம் தெரியக் கேட்டாள். "எப்படியிருக்கு மேடம்?"

"சாயம் ரொம்ப நல்லா வந்திருக்கு." பேங்க்கம்மாவின் முகம் கோணலாகவே இருந்தது. உள்பக்கம் கையைக் காட்டினார். "அடுத்த தடவை அந்தப் பொண்ணுகிட்ட உக்காரட்டுமா? காதுல பாட்டை மாட்டிட்டு அதுபாட்டுக்கு வேலை செய்யுது. எதுவும் கேக்காது போல."

"அதுக்கென்ன மேடம், தாராளமா."

மறுநாள் காலை லெஃப்டக்கா தன் கத்திரிகளையும் சீப்புகளையும் எடுத்துக்கொண்டு உள்பக்கச் சீட்டுக்குப் போனாள். மருந்துக்கடைப் பெண் வந்து உட்கார்ந்தாள். துணியைப் போர்த்தியதும் தூங்கிவிட்டாள். லெஃப்டக்கா அவளுக்கு முடி வெட்டினாள்.