தூக்குக்கூலி

சுமைக்காரன் தன் தங்கை புருஷனுக்குத் தரவேண்டிய பாக்கி நாலாயிரத்து இருநூற்று ஐம்பது. கிடங்கில் மேஸ்திரியாக இருக்கும் அந்த மாப்பிள்ளை, கொடுத்த காசைத் தூக்கத்திலும் மறக்காத ஆள். அன்று காலையும் எல்லார் முன்னாலும் அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான், எண்ணி வை. நாலாயிரத்து இரு..."

அதோடு வாய் கோணிக்கொண்டது. கேலி செய்கிறாராக்கும் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். கை துவண்டு மூட்டை மேல் சரிந்த பிறகுதான் விபரீதம் புரிந்தது. அப்படியே தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடி வண்டி பிடித்தான்.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "மூளைக்குப் போற குழாய்ல ரத்தம் கட்டியிருக்கு. கரைக்க ரெண்டு மருந்து இருக்கு, ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. எது மேல்னு ஆராய்ச்சி நடக்குது. சம்மதிச்சா ரெண்டுல ஒண்ணைக் கம்ப்யூட்டர் குலுக்கி எடுத்துக் கொடுக்கும். இல்லைன்னா பழசையே போடுவோம். சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

"எதைப் போடுவீங்க?" என்றான் சுமைக்காரன்.

"எங்களுக்கே தெரியாது."

"தெரியாமலேயா குத்துவீங்க? சோதிச்சுப் பார்க்க எங்க உடம்புதான் கிடைச்சுதா?"

"எங்க அப்பாவா இருந்தாலும் இதையேதான் கேட்பேன். எதைப் போட்டாலும் ரத்தம் கசியலாம், உயிரே போகலாம். அதையும் சொல்லிடறேன்."

தகவல் தெரிந்து ஓடி வந்திருந்த தங்கை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே, நீ என்ன சொல்றே? கடனை மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லாதே."

சுருக்கென்று தைத்தது. அவனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சரி என்று சொல்லி ஏதாவது ஆனால், கடனுக்காகக் காவு கொடுத்தான் என்பார்கள். வேண்டாம் என்றாலும் அதே பேச்சுதான். டாக்டரம்மா முகத்தையே பார்த்தான். ஏமாற்ற வந்தவள் உயிர் போகும் என்று தானாக வாய் திறந்து சொல்வாளா?

"கையெழுத்துப் போடும்மா" என்றான் தங்கையிடம்.

மறுநாள் மாப்பிள்ளை கண் திறந்தார். நாக்கு லேசாகக் குழறியது. "மச்சான், அந்தக் காசு வேணாம்."

அவன் பதறிப்போய் எழுந்தான். "சிஸ்டர், ஓடியாங்க! மூளை இன்னும் சரியாகல. காசு வேணாங்கறார்!"

நர்ஸ் கை, காலைத் தூக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லாத் தேறி வர்றார்" என்றார். அவன் நம்பவில்லை. குனிந்து கேட்டான்.

"மாப்ளே, எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா?"

"நாலாயிரத்து இருநூத்தம்பது. ரோடு வரைக்கும் என்னைத் தூக்கிட்டு ஓடினே இல்ல? தூக்குக்கூலில கழிச்சாச்சு."

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இவரேதாண்ணே!"