குழியின் அடியில் கிடந்த மூடி

கீழ்வானம் வெளுத்து, முகடுகள் ஒவ்வொன்றாய்ப் பனி விலக்கித் தலைகாட்ட, பள்ளத்து ஓடையின் இரைச்சல் மட்டுமே மேலேறி வந்த அவ்விளங்காலைப் பொழுதில், அறிவுசால் அன்பரே, அம்மலைச் சரிவில் நிரையாக நின்று, கொடி அசையக் கண்டதும் ஒருசேர அடிபெயர்த்து, பண்டை மாந்தர் விட்டுச்சென்ற ஓட்டுச் சில்லுகளைத் தேடிக் குனிந்து நடந்த தொல்லாய்வாளரை நீர் கண்டிருப்பின், நிரையின் கடைசியில் பணிவே உருவாக நடந்த பெண்ணொருத்தியையும் கண்டிருப்பீர். அப்பணிவை நம்பிவிடாதீர். பழிவாங்கவே அவள் வந்திருந்தாள்.

முன்னொரு கோடையில், அம்மலையின் உச்சிமேட்டில் தன்னந்தனியாகக் குழி தோண்டி, பழங்கல்லறையொன்றையும் அதனுள் மணிமாலையையும் கண்டவள் அவளே. அப்போது கால் சுளுக்கி அடிவாரக் கூடாரத்தில் படுத்திருந்த குழுத்தலைவரோ, அவள் எடுத்த பொருள்களையும் வரைந்த படங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, தாமே கண்டதாக ஊரறியச் சொல்லிப் புகழ்பெற்று, நியாயம் கேட்கப் போனவளைப் பொய்க்காரியென்று பலர்முன் பட்டம் கட்டித் துரத்தினார். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு ஆறவேயில்லை. இவ்வாண்டு அவளே வலிய வந்து வேலை கேட்டபோது, இனி இவள் வாலாட்ட மாட்டாள் என்றெண்ணிச் சேர்த்துக்கொண்டார், பாவம்!

உச்சிப்பொழுதில் நிரை மேட்டை அடைந்தது. அன்று பணியைப் பார்வையிட வந்திருந்த மேலாய்வாளர் அம்மையாரிடம், மூடிக் கிடந்த அக்குழியைக் காட்டித் தலைவர் தம் பெருமையை அளந்துகொண்டிருந்தார். தோண்டிய குழியை மூடுமுன், பின்னாளில் தோண்டுவோர் ஏமாறாதிருக்க, இக்காலப் பொருளொன்றை அடியில் இட்டுவைப்பது அத்தொழிலின் வழக்கம்.

"அடியில என்ன போட்டீங்க?" என்று அம்மையார் இயல்பாகக் கேட்டார்.

"காசுதான். நான் எப்பவும் காசுதான் போடுவேன்," என்றார் தலைவர், கண்ணிமைக்காமல்.

அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனை ஆண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவள் முன்னே வந்தாள். "தோண்டிப் பாத்துரலாம்மா. நான் போட்டது என் சோத்துப் பாத்திர மூடி. அதுல என் பேரை ஆணியால கீறியிருக்கேன்."

தலைவர் வெயிலைச் சொன்னார்; நேரத்தைச் சொன்னார்; குழி கெட்டுப்போகுமே என்று மிக அக்கறையாக வருந்தினார். அம்மையார் மண்வெட்டியைக் கண்ணால் காட்டினார். மண் ஏற ஏறத் தலைவர் முகம் இறங்கிக்கொண்டே வந்தது. அடித்தளத்தில் துருவேறிய மூடி தட்டுப்பட, அவள் அதனை எடுத்து முந்தானையால் துடைத்து, அம்மையாரிடம் கொடாமல், தலைவர் கையிலேயே கொடுத்தாள்.

"வாசிங்க ஐயா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க."

நாத் தடுமாற அவர் அவள் பெயரை வாசித்தார். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரக்கம் பிறந்ததென்று எழுத எனக்கும் ஆசைதான். ஒரு துளியும் பிறக்கவில்லை.

அம்மையார் மூடியைப் படமெடுத்து, கல்லறையைக் கண்டவர் பெயரைப் பதிவேட்டில் அங்கேயே திருத்தி எழுதிய பின், வெயில் சாய்ந்த வேளையில், குழியை மீண்டும் மூட வேண்டியதாயிற்று. அவள் தலைவரிடம் திரும்பினாள்.

"காசு போட்டேன்னு சொன்னீங்கல்ல? இப்பப் போடுங்க."

அவர் பையைத் துழாவி ஒரு காசை எடுத்து, மண்டியிட்டு, அடித்தளத்தில் வைத்தார். அதன்மேல் தன் மூடியைக் கவிழ்த்து, அவளே மண்ணைத் தள்ளினாள். இனி எந்தக் காலத்தில் எவர் வந்து தோண்டினும், முதலில் கிடைப்பது அவள் பெயரே; அதற்குக் கீழே, யாருடையதென்று தெரியாத ஒரு காசு கிடக்கும்.