காற்றுப் பிடிப்பு என்று சொன்னான்

முதுகு வலிக்கிறது என்று தம்பி நிபால்தோ சொன்னதும், எலியோதோரோ அவனை மறுபடியும் கடலுக்குள் இறக்கினான். கெயோன் மீன்பிடித் துறையில் வேறு எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். சிப்பி எடுக்க மூழ்குகிறவன் அவசரப்பட்டு மேலே வந்தால் உடம்பில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். திரும்ப அடியில் இறக்கி மெல்ல மெல்ல ஏற்றினால் விட்டுவிடும் என்பது துறைக்காரர்களின் வைத்தியம். படகில் காற்றுக் குழாயைப் பார்த்துக்கொள்கிறவன் எலியோதோரோ. தம்பியின் மூச்சே அவன் கையில்தான்.

"இப்ப எப்படிடா இருக்கு?"

"தேவலைண்ணே."

பொய். கொஞ்ச நாளில் இருமலில் ரத்தம் வந்தது. அதற்கும் காற்றையே சொன்னான். போதாக்குறைக்கு மார்பு வேறு வீங்கியிருந்தது. சட்டை மாற்றும்போது என்ஜின்காரன் குஸ்தோதியோ பார்த்துவிட்டான். அவன் வாய் சும்மா இருக்குமா?

"என்னடா, பொண்டாட்டிக்குப் பதிலா நீயே புள்ளைக்குப் பால் குடுக்கப் போறியா?"

படகே சிரித்தது. எலியோதோரோவும் சேர்ந்துதான் சிரித்தான்.

வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா போர்வையை விலக்கினாள். ஒரு பக்க விதை உருளைக்கிழங்கு போலக் கெட்டித்துக் கிடந்தது.

"இது எப்பலேர்ந்து?"

"போன குளிர்காலத்துலேர்ந்து" என்றான் நிபால்தோ, சுவரைப் பார்த்தபடி.

எலியோதோரோவை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். "விதையில ஆரம்பிச்ச புற்றுநோய். பரவினாக்கூடப் பெரும்பாலும் குணமாயிடும். ஆனா இவருக்கு வந்திருக்கறது அபூர்வமான ரகம், ரத்தத்தோட ஓடும். நுரையீரல், ஈரல், இப்ப தலைக்குள்ளயும் போயிருக்கு. மார்பு வீங்கினதும் இதாலதான். மருந்து குடுத்துப் பாக்கறோம். முன்னாடியே வந்திருக்கலாம்."

 எலியோதோரோ உள்ளே வந்து கட்டிலருகே நின்றான்.

"கழுதை, எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடா?"

"மாரைப் பார்த்ததுக்கே அந்தச் சிரிப்புச் சிரிச்சீங்க. இதை எப்படிண்ணே சொல்ல? யாராவது கேட்டா காற்றுன்னே சொல்லு. நான் போனப்புறமும்."

"சரிடா" என்றான். வேறென்ன சொல்வான்?

மருந்து ஏற ஏற முடிதான் கொட்டியது. கட்டி அசையவில்லை. வசந்தம் வருமுன் நிபால்தோ போய்விட்டான்.

சவப்பெட்டியைச் சுற்றிப் படகுக்காரர்கள் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"பாழாப்போன காற்று" என்றான் குஸ்தோதியோ.

ஆமாம் என்று சொல்லத்தான் எலியோதோரோ வாயெடுத்தான். எதிரே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். எல்லாம் எதற்கெடுத்தாலும் ஆம்பிளைப் பேச்சு பேசுகிற பயல்கள்; நாளைக்கு இவர்களில் ஒருவனுக்கு வந்தாலும் இப்படித்தான் மறைப்பான்.

"காற்று இல்ல. விதையில கட்டி. நாம சிரிப்போம்னு மறைச்சுட்டான்."

தம்பிக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. எவனாவது பல்லைக் காட்டினால் உடைப்பதற்கென்று முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றான். குஸ்தோதியோ கோப்பையைக் கீழே வைத்தான்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா முதுகுல சுமந்துகிட்டுப் போயிருப்பேனே" என்று விம்மினான்.

ஒருவனாவது சிரித்திருந்தால், தம்பி பயந்தது நியாயம்தான் என்று ஆகியிருக்கும். யாருமே சிரிக்கவில்லை.