மணிக்கட்டுக்கு அவள் சொன்ன சொல்

என் நோட்டுப் புத்தகத்தின் முதல் வரி இது: முஞெக்கா – மணிக்கட்டு. ‘ஞெ’ என்ற எழுத்து வரவில்லை. மூன்று தரம் அடித்துத் திருத்தியிருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் அ, ஆ படித்தவனுக்கு ‘ஞெ’ எங்கே சுலபத்தில் வரும்?

அந்தச் சொல்லைச் சொன்னவள் ஒரு ஸ்பானிஷ்காரி. ஓட்டல் துணிகளை வெளுக்கும் சலவைக் கூடத்தில் எனக்கு எதிரே நின்றவள். ஈர விரிப்பின் இரண்டு மூலைகளை நான் பிடிப்பேன், இரண்டை அவள் பிடிப்பாள். உதறி, இழுத்து, சூடான உருளைக்குள் விளிம்பைக் கொடுப்போம். இரைச்சலில் பேச்சு கேட்காது. விரிப்பை ஒரு தரம் சுண்டினால் ‘சரி’. இரண்டு தரம் சுண்டினால் ‘நிறுத்து’. அவ்வளவுதான் எங்கள் பாஷை. கூடத்தில் எல்லாரும் அவளை ‘எதிர்முனை’ என்றே சொல்வார்கள். “என்னய்யா, உன் எதிர்முனை இன்னிக்கு லேட்டா?” என்று என்னைத்தான் கேட்பார்கள். அவள் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் ‘அண்ணே’.

மதியத்துக்குள் அவளுக்கு மணிக்கட்டு வீங்கிவிடும். கிழிந்த துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு, அதைத் தட்டிக் காட்டி, “முஞெக்கா, அண்ணே, முஞெக்கா” என்பாள். அப்படித்தான் எழுதினேன்.

ஒரு நாள் விரிப்புக் கட்டுக்குள் சிக்கி ஒரு பொம்மை வந்தது. எவருடைய குழந்தையோ ஓட்டலில் விட்டுப்போனது. வெந்நீரில் சுழன்று தலைமுடி பாதி போயிருந்தது. அவள் அதை உயரத் தூக்கி, “முஞெக்கா!” என்றாள். நான் தலையை ஆட்டி அவள் கையைக் காட்டினேன். அவள் சிரித்தாள். கையையும் தட்டினாள், பொம்மையையும் தட்டினாள். இரண்டும்தானாம். நான் ஏமாந்தவன் மாதிரி நின்றேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான், கேலி செய்தாள். “இதுல என்ன அதிசயத்தைக் கண்டுட்ட? ஏறுறதும் படி, எழுத்தைப் பார்த்துச் சொல்றதும் படி. நீ மொதல்ல உள்ளதுல ஏறியே முட்டியத் தேய்ச்ச. ரெண்டாவதுக்கு இப்பத்தான் வந்திருக்க.”

உண்மைதான். அதற்குமுன் நான் கைநாட்டு. என் சொந்த அண்ணன் ஒரு தாளை நீட்டி, “சும்மா வைடா, நான் பாத்துக்கறேன்” என்றான். வைத்தேன். அப்பா வீட்டில் எனக்கிருந்த பங்கு அந்த விரல் மையோடு போயிற்று. அன்று முதல் எழுத்தின் மேல் எனக்கு ஒரு வெறி.

கிடைத்த சாமானை மூன்று மாதம் யாரும் கேட்காவிட்டால் எடுத்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது கூடத்து வழக்கம். எதிர்முனைக்கு ஊரில் ஒரு மகள். பொம்மையை ஆணியில் மாட்டிவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

உருளைக்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி தடித்தாலும் நிற்கும். வேலை கெடுகிறதென்று மேற்பார்வையாளர் அதைத் தூக்கிக் கட்டச் சொன்னார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அதனால் அவருக்கு ‘இஸ்திரி’ என்று பெயர். தினமும் காலையில் கம்பியைக் கட்டியது என் கை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த கீற்று விரிப்பின் விளிம்போடு சேர்ந்து உருளைக்குள் போயிற்று. பின்னாலேயே கையும் போயிற்று. விரிப்பு என் கையில் இரண்டு தரம் சுண்டியது. ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். கட்டாத கம்பியாக இருந்திருந்தால் நான் ஓடவே வேண்டியிருந்திருக்காது.

நான்காம் நாள் இஸ்திரி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“வாங்க பண்டிதரே. எழுத்தெல்லாம் கத்துக்கிட்டீங்களாமே. இதை வாசிங்க பாப்போம்.”

சொல்லவே கூசுகிறது: முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓர் அலுவலக அறையில் என்னிடம் ஒரு தாளை வாசிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. விரல் வைத்து வாசித்தேன். ‘மேற்படி காயம் வீட்டில் வழுக்கி விழுந்ததால் ஏற்பட்டது.’

“சார், உருளையிலதானே…”

“கம்பியக் கட்டினது யாரு?”

“நீங்க சொல்லித்தானே சார்.”

“எழுதிக் குடுத்தேனா? படிச்சவன்தானே, காட்டு பாப்போம்.”

அவர் குரலைத் தணித்தார்.

“முட்டி வலிக்குதுன்னு சொன்னியேப்பா. விரிப்புல சிக்கி வர்ற சாமானப் பதியற மேசை காலியா கெடக்கு. நாற்காலி, பேனா. உக்காந்த எடத்துல வேலை. அவ உன் பேச்சத்தான் கேப்பா. ஒரு கையெழுத்து வாங்கிக் குடு.”

தாளில் உருளை என்று இருந்தால் கைக்கான அறுவை சிகிச்சையை நிர்வாகம் செய்தாக வேண்டும். கை தேறும்வரை அவள் வேலையும் இருக்கும். வீடு என்று இருந்தால் இரண்டும் இல்லை. அது எனக்குத் தெரியும்.

அவள் கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். மகளுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறவள். ஆனால் இந்த எழுத்துக்கு முன்னால் அவளும் கைநாட்டுதான். தாளின் ஒரு ஓரத்தை நான் பிடித்திருந்தேன். மறு ஓரத்தை இடது கையால் பிடித்தாள். வரிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அண்ணே?” என்றாள். தாளை ஒரு தரம் சுண்டினாள்.

சொல்லத் தெரியாமல் இல்லை. அவள் பாஷையில் காசா என்றால் வீடு. நோட்டில் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வாயையே திறந்திருக்க வேண்டாம். இரண்டு தரம் சுண்டியிருந்தால் போதும். கூடத்தில் தினம் இருநூறு தடவை செய்கிற காரியம்.

நான் ஒரு தரம் சுண்டினேன்.

இடது கையால் தன் பெயரைக் கோணல் மாணலாக எழுதினாள். எழுதி முடித்து எனக்கு நன்றி சொன்னாள்.

மறுவாரமே நாற்காலி கிடைத்தது. முட்டி வலி பாதி குறைந்தது. மனைவி மட்டும் கேட்டாள்: “திடீர்னு உன்ன எதுக்கு உக்கார வெச்சாங்க?” எழுத்து நன்றாக இருந்ததாம் என்றேன். அதன்பின் அவள் என் நோட்டைத் திருத்திக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

பொம்மைக்கு மூன்று மாதம் முடிந்த அன்று எதிர்முனை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். வலது கை கட்டை மாதிரி தொங்கியது, விரல்கள் மடங்கவில்லை. தாளை யாரோ வாசித்துக் காட்டியிருக்க வேண்டும், முகத்திலேயே தெரிந்தது.

“சார்,” என்றாள். “பொம்மை.”

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த ‘சார்’ என் எலும்பு வரைக்கும் போயிற்று. பொம்மை என்ற சொல்லை எப்போது கற்றாளோ, தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பதிவேட்டில் ‘பொம்மை ஒன்று, உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று எழுதி, பேனாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும்.

அவள் என் எழுத்தைப் பார்த்தாள். பொம்மையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பேனாவைத் தொடவில்லை. மேசை மேலிருந்த மைப்பெட்டியை இடது கையால் தன் பக்கம் இழுத்தாள். கட்டைவிரலை அதில் அழுத்தினாள். என் வரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

விரலை என் மேசை விரிப்பிலேயே துடைத்துவிட்டுப் போனாள்.