லியாப்ருவில் ஏழு நிமிடம்

பொன்மலருக்கு ஒஸ்லோவைப் பார்க்கக் கிடைத்தது நான்கே நாள். விசாவுக்காக மூன்று வாரம் அலைந்திருந்தாள். கோவில்பட்டியிலிருந்து உதவித்தொகையில் புடாபெஸ்டுக்கு வந்து, குடிநீர்ச் சுத்திகரிப்பு பற்றி முதுகலை படித்துக்கொண்டிருந்தவள் அவள். விடுதியில் அடுத்த அறைக்காரி யதுர்ஷா, ஒஸ்லோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். மருத்துவம் படிக்க வந்தவள். 2006ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு, "எங்கடை வீட்டை வாவன், ஊரைச் சுத்திக் காட்டுறன்" என்று அவள் கூப்பிட்டதும் பொன்மலர் துள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில், அடுக்குமாடியின் ஆறாம் தளம். புதன்கிழமை மாலை போய் இறங்கினார்கள். யதுர்ஷாவின் அம்மா யோகாம்பாள் புட்டும் இறால் குழம்பும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்பா ஜெயரத்தினம் ட்ராம் ஓட்டுநர். அந்த ஊரில் ட்ராமுக்கு ட்ரிக் என்று பெயர்.

"நீர் வெக்கப்படாமல் சாப்பிடும் பிள்ளை," என்றார் பொன்மலரிடம். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் மூண்டு வருசம். பிறகு எங்கடை வீட்டிலையும் ஒரு டொக்டர்."

பொன்மலரின் கை புட்டிலேயே நின்றுவிட்டது.

உடற்கூற்றியலில் மூன்றாம் முறையும் தேறாததால், பிப்ரவரியில் பல்கலைக்கழகம் யதுர்ஷாவின் பெயரை நீக்கிவிட்டது. மாணவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கூடப் போனவளே பொன்மலர்தான். வீட்டுக்குத் தெரிந்திருக்கும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மேசைக்கு அடியில் யதுர்ஷாவின் கால் அவள் காலை அழுத்தியது. பொன்மலர் தலையைக் குனிந்து சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, அம்மா தேத்தண்ணி ஊற்றுவதற்குள் யதுர்ஷா அவளைக் கிளப்பிவிட்டாள். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் பொன்மலர் கேட்டாள்.

"வீட்ல சொல்லவே இல்லையா யது?"

"சொல்லப் போறன்."

"எப்போ?"

"நீ வீட்டிலை நிக்கேக்கை அம்மா படிப்பைப் பற்றிக் கனக்கக் கேக்கமாட்டா. அதுதான்..." யதுர்ஷா நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஊர் பார்க்கக் கூப்பிட்டதெல்லாம் சும்மா, தன்னை ஒரு திரையாகத்தான் கூட்டி வந்திருக்கிறாள் என்று பொன்மலருக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று முழுக்க ஓட்டம். அகெர்ஷூஸ் கோட்டை மதிலில் ஏறி, கீழே துறைமுகம் தெரிந்த கணத்தில், "வா, பஸ் வருது" என்றாள் யதுர்ஷா. அருங்காட்சியகத்தில் ஆயிரம் வருடத்து வைக்கிங் கப்பலுக்கு முன்னால் ஐந்து நிமிடம். சிலைகள் நிற்கும் பூங்காவில் நடந்தே கடந்தார்கள், எங்கும் உட்காரவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் என்று கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. ஊர்ச்சனமெல்லாம் மலை வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது. வெறிச்சோடிய தெருக்களில் இரண்டு பேரும் யாரோ துரத்துவது மாதிரி நடந்தார்கள். யதுர்ஷாவின் கைப்பேசி நான்கைந்து முறை அடித்தது, அம்மாதான். எடுக்கவில்லை. பொன்மலர் புகைப்படம் எடுத்தாள், ஆனால் எதைப் பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் யோகாம்பாள் பொன்மலரைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை அங்கை வடிவாச் சாப்பிடுறாளோ? மெலிஞ்சுபோனாள். இரவிரவா இருந்து படிக்கிறாளோ?"

"நல்லா சாப்பிடுறா ஆன்ட்டி," என்றாள் பொன்மலர். சொல்ல முடிந்த உண்மை அது ஒன்றுதான்.

யோகாம்பாள் குளிர்பெட்டியின் மேலிருந்து ஒரு கடித உறையை எடுத்தாள். அவளுடைய இரத்தப் பரிசோதனை முடிவு. இரண்டு வாரமாக மகளுக்காக வைத்திருந்தாளாம். "இஞ்சத்தை டொக்டர் சொன்னது எனக்கு அரைகுறையாத்தான் விளங்கினது. நீ பாத்துச் சொல்லு," என்று யதுர்ஷாவிடம் நீட்டினாள். யதுர்ஷா தாளை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தாள். "பயப்பிட ஒண்டுமில்லை அம்மா," என்று மடித்துக் கொடுத்தாள். அந்த அம்மாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பொன்மலரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மின்தூக்கிக்குள் நுழைந்ததும் கேட்டுவிட்டாள். "அந்தத் தாள்ல என்ன இருந்துச்சு?"

"சுகர் கொஞ்சம் கூட. மிச்சம் எனக்கு விளங்கேல்லை."

"விளங்காமயா பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொன்னே? உன் படிப்பு போனா போகுதுடி, அது உன் பாடு. அவங்க உடம்பு அது. அவங்க உப்பைத் தின்னுட்டு இன்னொரு நாள் வாய மூடிட்டு இருக்க என்னால ஆகாது."

மின்தூக்கி கீழே வந்து கதவு திறந்த பிறகும் யதுர்ஷா அப்படியே நின்றாள். பிறகு, "அப்பா இண்டைக்கு லியாப்ரு லைனிலை ஓடுறார்," என்றாள்.

நகரின் நடுவே அவருடைய ட்ரிக்குக்காகக் காத்திருந்து ஏறினார்கள். சாரதிப் பெட்டியின் கண்ணாடிக்குள்ளிருந்து ஜெயரத்தினம் கையைத் தூக்கிக் காட்டினார். வண்டி துறைமுகத்தை விட்டு மலைச்சரிவில் வளைந்து ஏறியது. கீழே கடலும் ஊரும் விரிந்தன. யதுர்ஷா உட்காரவேயில்லை. ஒரு கம்பியை விட்டு அடுத்த கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

லியாப்ரு கடைசித் தரிப்பு. இருந்த இரண்டு பயணிகளும் இறங்கிப் போனார்கள். ஜெயரத்தினம் சுடுதண்ணிப் போத்தலோடு சாரதிப் பெட்டியிலிருந்து அவர்களிடம் வந்தார்.

"ஏழு நிமிசம் இருக்கு," என்று மூடியில் கோப்பி ஊற்றிப் பொன்மலரிடம் நீட்டினார். "ஊர் பிடிச்சிருக்கோ பிள்ளை?"

"அப்பா," என்றாள் யதுர்ஷா. "நான் இப்ப படிக்கேல்லை. என்னை நிப்பாட்டிப்போட்டினம்."

அவர் போத்தலை மூடப் போனார். மூடி பொன்மலரின் கையில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோலக் கையை நிறுத்தினார்.

"எப்ப?"

"பெப்ரவரியிலை."

"இப்ப ஏப்ரல்."

"ஓம்."

பொன்மலர் இறங்கிப் போய்விடலாமா என்று பார்த்தாள். யதுர்ஷாவின் விரல்கள் அவள் சட்டைக் கையைப் பிடித்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே, தண்டவாளத்துக்கு அப்பால் அழுக்குப் பனி கொஞ்சம் மிச்சமிருந்தது. ஜெயரத்தினம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று முறை எழுதியதையும், எழுதுமுன்பே கை நடுங்கியதையும், உடலைக் கீறிய அறையின் மணம் சோற்றிலும் வந்ததையும் யதுர்ஷா ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினாள். கடைசியில் அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"எனக்குச் சரியான கோவம் வருது பிள்ளை. கோவத்தோடை ட்ரிக் ஓட்டேலாது. பின்னேரம் வீட்டை வந்து கோவிக்கிறன். நான் வாறவரைக்கும் அம்மாவுக்குச் சொல்லாதை. ரெண்டு பேருமாச் சொல்லுவம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குறித்த நிமிடத்தில் வண்டி புறப்பட்டது. திரும்பும் வழி முழுக்க பொன்மலர் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தரிப்பிலும் நிறுத்தினார், கதவைத் திறந்தார், மூடினார். ஒரே ஒரு முறை மட்டும், சிவப்பு விளக்கில் நின்றபோது, இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெயரத்தினம் சொன்னபடியே மாலையில் வந்து கோபித்தார். குரல் உயர்த்தித்தான் கோபித்தார். ஆனால் யோகாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னபோது மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யோகாம்பாள் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"ஒவ்வொரு ஞாயிறும் போனிலை என்ன படிச்சனீ எண்டு கேட்டனான். நீயும் சொன்னனீ. அப்ப நான் ஆரோடை கதைச்சனான்?" என்றாள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பொன்மலர் மேற்சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, கட்டடங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

சனிக்கிழமை அந்த வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. யோகாம்பாள் மட்டும் பொன்மலருக்குப் போதும் போதும் என்னும்வரை பரிமாறினாள்.

ஞாயிறு விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாக வந்தது. புடாபெஸ்டில் யதுர்ஷாவின் அறையைக் காலி செய்து, துணிகளைப் பெட்டி கட்டி அனுப்பியது பொன்மலர்தான். கனத்த உடற்கூற்றியல் புத்தகத்தை என்ன செய்ய என்று கேட்டு எழுதினாள். பதில் இல்லை. ஜூனில்தான் மின்னஞ்சல் வந்தது. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். கிழவர்களுக்குச் சாப்பாடு ஊட்டும்போது கை நடுங்குவதில்லையாம். அந்தப் பரிசோதனைத் தாளை டொக்டரிடம் மறுபடி காட்டி, அம்மா சுகருக்கு மருந்து எடுக்கிறாளாம். இப்போது தன்னோடு கதைக்கிறாளாம், ஆனால் கோயிலில் யாராவது விசாரித்தால் பேச்சை மாற்றிவிடுகிறாளாம்.

"உன்னைக் கூட்டிக்கொண்டு போனது பிழை," என்று முடித்திருந்தாள். "ஆனா நீ வராட்டி நான் இன்னும் சொல்லியிருக்கமாட்டன்."

பொன்மலர் அதை இரண்டு முறை படித்தாள். கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இருந்தும் உட்கார்ந்து, நீளமாகவே, ஒரு பதில் எழுதினாள்.