பேனாவை மூடிவைத்த வக்கீல்கள்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. தாராவியில் எனக்கு அடுத்த வீட்டு மாரிசெல்வியுடையது. இங்கிலீஷ் வராது என்று வக்கீலைப் பார்க்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"நீங்க கதை எழுதுதவங்கதானக்கா. நான் அழுதுட்டேன்னா மிச்சத்த நீங்க சொல்லிருங்க."

'செம்பூரில் அன்று மழை' என்று தொடங்கினேன். மழை பெய்யவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

நடந்தது இதுதான். அவள் கணவன் சுடலைக்கண்ணன் டிராம்பேயில் டேங்கர் லாரி ஓட்டுகிறான். டைவர்ஸ் பேச்சு எழுந்ததும், ஆறு வயது மகள் யாழினியை ஸ்கூல் வாசலிலிருந்தே தன் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். பிள்ளையைத் திரும்பக் கேட்க ஒரு வக்கீல் வேண்டும்.

செம்பூர் வக்கீல் டீ வரவழைத்தார், பரிவாகக் கேட்டார். கணவன் பெயரைச் சொன்னதும் பேனாவை மூடினார். "இந்த கேஸை நான் எடுக்க முடியாதும்மா." காரணம் சொல்லவில்லை. வடாலா வக்கீலிடமும் அதே பெயரைச் சொன்னதும் பேனா மூடியது.

(விலைக்கு வாங்கிவிட்டான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.)

3

சுனாபட்டி வக்கீல் சுஷ்மாதான் உடைத்துச் சொன்னார், இந்தியில். "உன் புருஷன் ஏற்கெனவே என்னிடம் வந்து யோசனை கேட்டுவிட்டார். ஒரு தரப்புக்கு யோசனை சொன்ன வக்கீல் எதிர்த்தரப்புக்கு நிற்கக் கூடாது, அதுதான் விதி. மற்றவர்களிடமும் போயிருப்பார். பாந்த்ரா குடும்ப கோர்ட்டில் இலவச சட்ட உதவி கேள்."

படியிறங்கும்போது மாரிசெல்வி கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"அவிய ரேஷன் கடைக்குக்கூடப் போகமாட்டாவக்கா. நான் எங்கெல்லாம் போவேன்னு யோசிச்சு, எனக்கு முன்னால போயிருக்காவ."

[அவனை முழு வில்லனாக எழுதிப் பார்த்தேன். தினமும் மகளுக்குத் தலை பின்னிவிட்டதும் அவன்தான் என்று மாரிசெல்வியே சொன்னதால் அந்தப் பத்தி பாதியில்]

4

சட்ட உதவியில் ருக்சானா என்ற இளம் வக்கீல் கிடைத்தாள். வாராவாரம் கோர்ட்டின் குழந்தைகள் அறையில் மகளைப் பார்க்க உத்தரவு வாங்கித் தந்தாள்.

அந்தச் சந்திப்புக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் யாழினி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். இன்னொன்றில் அப்பாவை விட்டு வர மறுக்கிறாள்.

இரண்டும் நடக்கவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்தாள். அம்மா கொண்டுபோன முறுக்கைத் தொடாமல் நிதானமாகக் கேட்டாள்:

"என்னை வேண்டாம்னு நீதான் அப்பாகிட்ட சொன்னியாம்மா?"

நான் கதவருகே நின்றிருந்தேன். மாரிசெல்வியின் முகத்தை நான் எழுதப்போவதில்லை. வக்கீல்களிடம் மட்டும்தான் அவன் முந்திக்கொண்டான் என்று அதுவரை நம்பியிருந்தோம்.

5

வழக்கு இன்னும் நடக்கிறது. ஆகவே தீர்ப்பு என்னிடம் இல்லை.

மாரிசெல்வி அன்று பதில் சொன்னாள். அதில் அப்பாவைத் திட்டும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மீதி யாழினிக்கு உரியது, கதைக்கு இல்லை.

நீங்கள் குழந்தைகள் அறையின் அந்தச் சின்ன நாற்காலியில் உட்காருங்கள். எதிரே பிள்ளை உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது. என்ன சொல்வீர்கள்?