இருப்பதிலேயே கெட்டியான ஷாக்

பதினோரே நாளில் அவர் வண்டிக்குப் போடுகிற ஷாக் அப்சார்பர் சங்கதி முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டார். செல்போனில் முப்பது வீடியோ பார்த்தாயிற்று. எண்ணெய் ஷாக், வாயு ஷாக், திருகி இறுக்கிக்கொள்கிற ஷாக் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். மனைவியின் அக்கா அவருக்கு விஞ்ஞானி என்று பெயர் வைத்திருந்தாள். அதைப் பாராட்டு என்று அவர் முதல் இரண்டு வருடம் நம்பியிருந்தார். அதையும் அவரே சொல்லிக்கொள்வார், நாமாகக் கிளற வேண்டியதில்லை.

விஞ்ஞானியும் மனைவியும் விருந்துகளுக்குப் பீங்கான் தட்டும் கண்ணாடி டம்ளரும் வாடகைக்கு விடுகிறவர்கள். பெட்டி கட்டுவது அவள், வண்டி ஓட்டுவது அவர். டம்ளர் எஸ்யூவியின் பின்பக்கத்தில் போகும், தட்டு அது இழுத்துப் போகிற டிரெய்லரில். இரண்டு ஞாயிறுக்கு முன் ஒரு மண்டபத்தில் பெட்டியைத் திறந்தால் பதினாறு தட்டு உடைந்து கிடந்தது. மேனேஜர் முகத்தைச் சுளித்ததுதான் தாமதம், "நான் என்ன சார் பண்றது, கட்டினது அவ" என்று இவர் வாய் முந்திக்கொண்டது. அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மண்டபத்து ஆட்கள் நாலு பேரும் நின்றிருந்தார்கள்.

அவள் குனிந்து உடையாத தட்டுகளைப் பொறுக்கி எடுத்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "ஒண்ணாந்தேதியிலேர்ந்து அக்காவோட தையல் கடைக்குப் போறேன். எட்டு வருஷம் கட்டினது போதும்" என்றாள்.

அவள் இல்லாவிட்டால் தொழிலும் நடக்காது, அவருக்குச் சோறும் இறங்காது. தப்பு என்னுது என்று ஒரு வாக்கியத்தில் முடிகிற காரியம். விஞ்ஞானி அதை விட்டுவிட்டு ஷாக் ஆராய்ச்சியில் இறங்கினார். குற்றம் அவள் மேலும் இல்லை, தன் மேலும் இல்லை, வண்டி மேல்தான் என்று நிரூபித்துவிட்டால் யாரும் யாரிடமும் தலை குனிய வேண்டாம் பாருங்கள். இந்த மாதிரி விஷயத்தில் அவருக்கு மூளை பிரமாதமாக வேலை செய்யும்.

ஒர்க்‌ஷாப்புக்கு அவளையும் வம்படியாக இழுத்துக்கொண்டு, டிரெய்லரில் பெட்டிகளை ஏற்றியபடியே போய் இறங்கினார்.

"இருக்கறதுலயே கெட்டியான ஷாக்கா போடுங்க. நாங்க பாரம் இழுக்கறவங்க" என்றார்.

மெக்கானிக் கையைப் பழந்துணியில் துடைத்தார். "பாரத்தத் தாங்கறது ஸ்பிரிங் சார். ஷாக்கோட வேலை வண்டி ஆடற ஆட்டத்த அடக்கறது. ரொம்பக் கெட்டியாப் போட்டா, சின்னக் கல்லுல ஏறினாலும் உதை நேரா உங்க டம்ளருக்குத்தான் போகும்."

முப்பது வீடியோவில் ஒன்றிலாவது இதைச் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தை விஞ்ஞானி தள்ளிவிட்டுப் பார்த்திருப்பார்.

பாரம் இழுக்கிற வண்டி என்றால், அதே பாரத்தோடு தெருவில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்கிப் பார்க்காமல் அந்த மெக்கானிக் எந்த ஷாக் என்று சொல்ல மாட்டார். விஞ்ஞானி ஓட்டினார். மெக்கானிக் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கவனித்தார். வண்டி எகிறிக் குதித்தது, டிரெய்லர் பின்னாலேயே எகிறியது, பெட்டிக்குள் தட்டெல்லாம் கலகலத்தது.

"பாத்தீங்களா?" என்று விஞ்ஞானி ஜெயித்தவர் போல இறங்கி வந்தார்.

"நீங்களும் வந்து பாருங்க சார். மேடம் ஒரு தடவ ஓட்டட்டும்" என்றார் மெக்கானிக்.

"இவளா? டிரெய்லரோடயா?"

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. ஸ்டியரிங்கை மட்டும் எட்டு வருடத்தில் ஒருநாளும் அவர் கொடுத்ததில்லை. அவள் ஏறினாள், சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள், தெருவைச் சுற்றி வந்தாள். ஸ்பீடு பிரேக்கருக்குப் பத்தடி முன்பே வேகம் தணிந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. டிரெய்லரும் சாவகாசமாக ஏறி இறங்கியது. அதே பழைய ஷாக், ஒரு தட்டு முனகவில்லை.

விஞ்ஞானியின் முகத்தில் ஈயாடவில்லை. மெக்கானிக் நல்ல மனிதர், தெருவிளக்குக் கம்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டிக்கு அடியில் தலையை நீட்டிவிட்டு வந்து, "எண்ணெய் கசியுது சார். மாத்தத்தான் வேணும், நடுத்தரமான வாயு ஷாக் போதும்" என்றார். குரலைத் தணித்துக்கொண்டு, "புதுசு போட்டா நீங்க ஓட்டறது அவ்வளவா வெளிய தெரியாது" என்றும் சொன்னார்.

அந்தக் கருணையை நம் ஆள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் இறங்கியதும், "பாத்தியா, எல்லாம் ஷாக்கால வந்த வினை. எண்ணெய் ஒழுகுது" என்றார்.

"அப்ப புதுசு போட்டா யாரு ஓட்டினாலும் ஒண்ணுதான்?"

"ஆமா."

"யாரு கட்டினாலும்?"

இதற்கு இல்லை என்று சொன்னால் பதினோரு நாள் ஆராய்ச்சியும் பாழ். "ஆமா" என்றார்.

"சரி, ஞாயித்துக்கிழமை நான் ஓட்டறேன், நீங்க கட்டுங்க. ஒண்ணாந்தேதிக்கு முன்னாடி அந்த ஒரு விருந்துதான் இருக்கு."

சனிக்கிழமை அவர் கட்ட உட்கார்ந்தார். அவள் எப்போதும் தட்டுகளை நிமிர்த்தி வைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அட்டை கொடுப்பாள். படுக்க வைத்து அடுக்கினால் இன்னும் நிறையக் கொள்ளுமே, இத்தனை வருடம் இது இவளுக்குத் தோன்றவில்லையே என்று அவர் வியந்தார். அட்டையும் மிச்சமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபம். புது ஷாக்கில் வண்டி அலுங்காமல் போனது, அவளும் அலுங்காமல்தான் ஓட்டினாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த விஞ்ஞானிக்கு, ஒரு ஸ்பீடு பிரேக்கருக்கு இத்தனை நேரம் ஒதுக்கலாம் என்பதே புதிதாக இருந்தது.

மண்டபத்தில் முதல் பெட்டியைத் திறந்தார்கள். அடியில் இருந்த தட்டுகள் ஒன்பது, மேலே இருந்த பாரம் அழுத்தி, உடைந்து கிடந்தன. மேனேஜர் நேராக அவளைப் பார்த்தார். கட்டுகிறவள் அவள் என்றுதானே போன தடவை அவருக்குச் சொல்லப்பட்டது.

"மறுபடியுமா மேடம்?"

"ரோடு சரியில்ல சார்" என்றாள் அவள். கணவன் பக்கம் திரும்பவே இல்லை.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. எவ்வளவு சின்ன வாக்கியம். பதினாறு தட்டு உடைந்த அன்று அதை அவளுக்காகச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்துபோயிருக்காது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வரும் போலிருந்தது.

"ரோடு நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றார், நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி. "இத கட்டினது நான். போன தடவ அவ ஒழுங்காத்தான் கட்டினா, நான்தான் கண்டபடி ஓட்டி உடைச்சேன். பழிய அவ தலையில போட்டுட்டேன்."

மேனேஜருக்கு இந்தப் பாவமன்னிப்பில் துளியும் அக்கறை இல்லை. "சரி சார், மேஜைக்குத் தட்டு பத்துமா பத்தாதா?" என்று கேட்டார்.

"பத்தும்" என்றாள் அவள். மேனேஜர் நகர்ந்தார். அவள் குனிந்து உடைந்த துண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"இத ஒர்க்‌ஷாப்லயே சொல்லியிருந்தா ஒன்பது தட்டு பொழச்சிருக்கும்."

"ஒண்ணாந்தேதி..." என்று அவர் இழுத்தார்.

"அக்காகிட்ட நான் பேசிக்கறேன். அந்தப் பெட்டியத் தூக்குங்க."